கணினி கேள்வி–பதில்: பழைய லெப்டொப்பில் லினக்ஸ்

கேள்வி: எங்கள் லெப்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாதாம். ஏ.எல். படிக்கும் மகன் தானே லினக்ஸ் போடுகிறேன் என்கிறான். விடலாமா? விண்டோஸும் இருக்க வேண்டும்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தாராளமாக விடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் என்பது விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம்; அதன் ஒரு வகைதான் மின்ட். 4 ஜிபி ரேமுக்கு லினக்ஸ் மின்ட் 22இன் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு பொருத்தம். 2029 ஏப்ரல் வரை அதற்குத் திருத்தங்கள் வரும்.

முதல் வேலை, படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. அது முடியாமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம்.

மின்ட் தளத்திலிருந்து இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ ஃபைல் (முழு மின்டும் அடங்கிய ஒரே ஃபைல்) ஏறத்தாழ 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். ஃபைலைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருளில் ஃபைலைத் தெரிவுசெய்ததும் பக்கத்திலுள்ள சரி அடையாளத்தை அழுத்தினால், ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்க உதவும் எஸ்எச்ஏ256 எண் வரும். மின்ட் தளத்தில் உள்ள எண்ணுடன் அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மாரியில் லைன் அறுந்து அறுந்து இறங்கிய ஃபைல்தான் பாதி இன்ஸ்டோலில் நின்றுபோகும்.

அடுத்து விண்டோஸில் மூன்று வேலைகள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் வசதி இருந்தால் நிறுத்துங்கள். பவர் ஒப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாது, அதன் டிஸ்க்கில் லினக்ஸால் எழுதவும் முடியாது. பிறகு டிஸ்க் மனேஜ்மென்டில் சி டிரைவை 81920 எம்பி, அதாவது 80 ஜிபி சுருக்குங்கள். கிடைக்கும் வெற்றிடத்தில் புதிய டிரைவ் உருவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

மெஷினைப் போட்டதும் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பென்டிரைவைத் தெரிவுசெய்யலாம். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். அவசரப்படாமல் வைஃபை, சத்தம், கமரா மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சரியென்றால், சார்ஜரைச் செருகிவிட்டு, 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'டிஸ்க்கை அழி' என்பது விண்டோஸையும் சேர்த்துத் துடைத்துவிடும். பழைய பட்டரியை நம்பி இதில் இறங்கக்கூடாது; டிஸ்க்கில் எழுதும்போது கரன்ட் போனால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போகலாம்.

முடிந்த பிறகும் நேரே விண்டோஸ்தான் வருகிறதா? பயோஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) உள்ள பூட் வரிசையில் 'உபுண்டு' என்பதை மேலே கொண்டுவாருங்கள். மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. அந்த இடத்தில் மின்ட் என்ற பெயர் இருக்காது. விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தினாலும் பயப்பட வேண்டாம்: லினக்ஸ் மெஷின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரமாக வாசிக்கிறது.

கேள்வி: மின்ட் போட்டாயிற்று, வைஃபை மட்டும் தெரியவில்லை. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டுமே?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள், ஃபோனின் இணைப்பு லெப்டொப்புக்கு வந்துவிடும். பிறகு டிரைவர் மனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புரோட்கொம் சிப் உள்ள மெஷின்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

கேள்வி: பாமினியில் டைப் செய்த சங்கக் கடிதங்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. பழுதாகிவிட்டனவா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: ஒன்றும் பழுதாகவில்லை. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் அல்ல. 'அம்மா' என்ற சொல் ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. தமிழ் முகத்தைக் கொடுப்பது ஃபொன்ட். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி ஃபைலைப் பிரதி எடுத்து, மின்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள். லிப்ரேஒஃபிஸை மூடித் திறந்தால் கடிதங்கள் தமிழில் தெரியும். இனி எழுதுபவற்றை யுனிகோடிலேயே எழுதுங்கள், ஃபோனிலும் அப்படியே வாசிக்கலாம்.