நாணா, கொடியா, வடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்திலிருந்து அறிவியல் கட்டுரைகளும் அவ்வப்போது கதைகளும் மொழிபெயர்ப்பவள் நான். ‘கார்ட்’ என்ற ஒரு சொல் சில வாரங்களாக என்னைப் படாதபாடு படுத்துகிறது. (கயிறு என்ற பொருளில் வரும் கார்ட். தமிழில் எழுதினால் சீட்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் வருபவர், கயிறு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன!) தொப்புளுக்கு வந்தால் கொடி, முதுகெலும்புக்குள் போனால் வடம், குரல் என்றால் நாண். எல்லாவற்றுக்கும் ‘நாண்’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் என்ன? கலைச்சொல் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்க வேண்டாமா? இசையிலும் வடிவியலிலும் ‘எச்’ சேர்த்து எழுதுகிறார்களே, அதுவும் இதே சொல்தானா?

இன்னொரு சந்தேகம். இப்போது கையில் இருக்கும் நாவலின் முதல் அத்தியாயத்தில் மருத்துவச்சி குழந்தையின் கார்டை வெட்டுகிறாள். கடைசி அத்தியாயத்தில் மகன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘தாய் கார்டை வெட்டினாள்’ என்று ஏறக்குறைய அதே வாக்கியம் வருகிறது. இரண்டாவதை ‘உறவை அறுத்துக்கொண்டாள்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ம.

அன்புள்ள ம.,

என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன் வட அமெரிக்கக் கதை ஒன்றை மொழிபெயர்த்தேன். பனிக்காலம் வருவதற்குள் ஒருவன் நான்கு ‘கார்ட்’ விறகு வெட்டி அடுக்குகிறான். கயிறு, விறகு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘நான்கு கட்டு விறகு’ என்று எழுதிவிட்டேன். அங்கே கார்ட் என்பது ஓர் அளவு என்று அச்சான பிறகுதான் தெரிந்தது. நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய விறகு, அதாவது 128 கன அடி. கயிறு பிடித்து அளந்த காலத்துப் பெயர். என் தமிழில் அந்த மனிதன் நான்கே கட்டு விறகோடு ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிட்டான். எப்படிப் பிழைத்தான் என்று இன்றுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

அதனால் ஒரே சொல் யோசனைக்கு நான் ஆதரவு தர மாட்டேன். ஆங்கிலம் பொருளின் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. நீளமாக, வளையும்படி, உருண்டையாக இருந்தால் கார்ட். 1889இல் பிரிட்டனில் செய்த புகையில்லா வெடிமருந்தைக்கூடச் சரடு சரடாகப் பிதுக்கி எடுத்ததால் ‘கார்டைட்’ என்றார்கள். தமிழில் இந்தப் பெயர்களை ஆக்கியவர்கள் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள்.

தொப்புள்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 செ.மீ. நீளம். உள்ளே இரண்டு தமனிகள், ஒரு சிரை, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும். அது எதையும் கட்டுவதில்லை, இழுப்பதுமில்லை. ஊட்டுகிறது. கொடி என்ற சொல்லில் ஏற்கெனவே உயிரும் சாறும் இருக்கின்றன. தண்டுவடம் வேறு மாதிரி. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 45 செ.மீ., அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து போகின்றன. பல புரிகள் சேர்ந்த தடித்த கயிற்றுக்குத்தான் வடம் என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

நாண் என்றால் விறைப்பு வேண்டும். வில்லில் பூட்டியது நாண். வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டை நாண் என்றும் பள்ளியில் படித்தோமே, அதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் பார்த்ததில்லை. வடமொழியிலும் அதே படம்தான்: ‘ஜ்யா’ என்றால் வில்லின் நாண். ஆர்யபட்டர் 499 வாக்கில் பாதி நாணின் அளவுகளைக் கணக்கிட்டு வைத்தார். அந்த ஜ்யா, ‘ஜீவா’வாகி அரபுக்குப் போனது. அங்கே எழுத்து ஒன்றுபோல இருந்ததால் மார்பு, மடிப்பு என்று பொருள்படும் வேறு சொல்லாக வாசிக்கப்பட்டது. அதை லத்தீனில் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். முக்கோணவியலில் நம்மைப் பாடுபடுத்திய சைன் அதுதான். ஒரு மொழிபெயர்ப்புப் பிழை உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

தசைநாணைப் பாருங்கள். எலும்போடு தசையைப் பிணைத்து இழுப்பது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் கார்ட் கிடையாது. தமிழ் தானாகவே அங்கே நாணைப் பூட்டியிருக்கிறது.

குரல்நாணில்தான் இரண்டு மொழிகளுமே சறுக்கின. 1741இல் ஃபெரைன் என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர் குரல்வளைக்குள் இருப்பவை வயலின் தந்திகள் போன்றவை, மூச்சுக்காற்றுதான் வில் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். உண்மையில் அவை தந்திகளே இல்லை. பக்கச்சுவரோடு ஒட்டிய சதை மடிப்புகள். காற்று மோதும்போது சேர்ந்து சேர்ந்து விலகுகின்றன. மருத்துவக் கட்டுரை என்றால் ‘குரல் மடிப்பு’ என்று எழுதுங்கள். கதையில் குரல்நாண் இருக்கட்டும், அழகாக இருக்கிறது.

அப்புறம் அந்த ‘எச்’ விவகாரம். கார்டின் மூலம் கிரேக்கத்தில் ‘கொர்தே’. குடல் என்று பொருள். விலங்கின் குடலை முறுக்கி இசைக்கருவிக்குத் தந்தி கட்டினார்கள். நாமும் யாழின் தந்தியை நரம்பு என்றுதானே சொன்னோம்? வடிவியலின் கார்ட் இந்தக் குடல் வழி வந்ததே. ஆனால் இசையில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட் வேறு குடும்பம். ஒத்திசைவு என்று பொருள்படும் ‘அக்கார்ட்’ என்பதன் சுருக்கம். அதன் வேர் லத்தீனில் இதயம். எழுத்தில் ‘எச்’ பிற்பாடு தவறுதலாக ஒட்டிக்கொண்டது. ஆக, அதை நாண் என்று மொழிபெயர்த்தால் இதயத்துக்குப் பதில் குடலை வைத்ததாகிவிடும். இசைக்காரர்கள் சொல்வதுபோலக் கார்ட் என்றே எழுதிவிடுங்கள்.

‘நாண்’ என்று எல்லா இடத்திலும் எழுதினால் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அதற்கு வெட்கம் என்றும் பொருள். வள்ளுவர் 1020ஆம் குறளில் இரண்டையும் ஒன்றாகவே ஆடவிடுகிறார்: ‘நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று.’ உள்ளே நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் பொம்மை உயிருள்ளதுபோல ஏமாற்றுவதைப் போன்றது. அவர் செய்தால் கவிதை. நீங்கள் ‘தொப்புள்நாண்’ என்று எழுதினால் குழந்தை பிறந்ததுமே வெட்கப்படுகிறது என்று எவராவது படிப்பார்கள்.

வெறும் கயிறாக வரும் கார்டும் அவ்வளவு சுலபமில்லை, தடிமனைப் பார்க்க வேண்டும். பிரான்சின் அப்ரி து மரா என்ற இடத்தில் நியாண்டர்தால் மனிதர்கள் திரித்த கார்டின் துண்டு ஒன்று கிடைத்தது, 2020இல் அறிவித்தார்கள். வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல். நீளம் 6 மி.மீ. சொச்சம், தடிமன் அரை மி.மீ. இதைக் ‘கயிறு’ என்றால் வாசகர் கிணற்றையும் வாளியையும் நினைத்துக்கொள்வார். சரடு என்பேன். மரப்பட்டை நாரில் மூன்று புரிகள். ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறார்கள். எதிர்முறுக்கு இருப்பதால்தான் சரடு பிரியாமல் நிற்கிறது.

மின்சாதனத்தில் தொங்குவதற்கு ஒயர் போதும்.

இனி உங்கள் நாவல். ‘உறவை அறுத்துக்கொண்டாள்’ வேண்டாம். தமிழில் அது சண்டைக்குப் பின் வரும் பேச்சு, இனி முகத்தில் விழிக்க மாட்டேன் என்பதுபோல. அந்தத் தாய் பிள்ளையைத் தன் போக்கில் போக விடுகிறாள், அவ்வளவுதான். தொப்புள்கொடி உறவு என்று நாமே சொல்கிறோம், எனவே கடைசி அத்தியாயத்திலும் கொடி தாங்கும். ஆனால் முதல் அத்தியாயத்தில் மருத்துவச்சி ‘கொடியை அறுத்தாள்’ என்று தொப்புளை விட்டுவிட்டு எழுதுங்கள், பிரசவ அறையில் யாருக்கும் குழப்பம் வராது. கடைசியில் அதே இரண்டு சொற்கள், ஆள் மட்டும் மாறி: ‘தாய் கொடியை அறுத்தாள்.’ விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். பதிப்பாசிரியர் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.