விஜயகாந்த்: தோற்றது எங்கே?

கேள்வி: 2011-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்ததுதான் விஜயகாந்த் செய்த பெரிய தவறு. கடைசிவரை தனியாகவே நின்றிருந்தால் கோட்டையைப் பிடித்திருப்பார் என்கிறேன். சரிதானே?
– வாசகர் ஒருவர், விருத்தாசலம்

பதில்: சரியில்லை. ‘தெய்வத்தோடும் மக்களோடும்தான் கூட்டணி’ என்று அவர் இரண்டு முறை தனியாக நின்று பார்த்துவிட்டார். 2006 சட்டமன்றத் தேர்தலில் 27 லட்சம் ஓட்டு, 8.4 சதவீதம். ஜெயித்தது உங்கள் ஊர் மட்டும், அதுவும் அவரே நின்றதால். 2009 மக்களவைத் தேர்தலில் ஓட்டு 31 லட்சமாக ஏறியது, எம்.பி. ஒருவர்கூட இல்லை. 2006 கணக்குப்படி சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 12 ஆயிரம் ஓட்டு என்று மாநிலமெங்கும் சிதறிக் கிடந்தால் கோட்டை எப்படிக் கிடைக்கும்? டெபாசிட்டைக் காப்பாற்றவே ஆறில் ஒரு பங்கு ஓட்டு வேண்டும்.

2011-இல் அவருடைய தே.மு.தி.க.வினர் 41 இடங்களில் நின்று 29-இல் ஜெயித்தார்கள். அவர்களின் முரசு சின்னத்துக்கு விழுந்ததில் பெரும்பகுதி இரட்டை இலைக்காரர்களின் ஓட்டு என்பது உண்மை. இருக்கட்டுமே! தி.மு.க. 23 இடங்களை மட்டுமே ஜெயிக்க, ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு கட்சியின் தலைவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

அந்த நாற்காலியை அவர் வீணாக்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2012 பிப்ரவரியில் பால் விலை, பஸ் கட்டண உயர்வு குறித்து சபையில் அ.தி.மு.க.வோடு மோதல், சஸ்பெண்ட் ஆனார். அந்தக் கோபம் நியாயமானது. அதன் பிறகு தினமும் சபைக்குப் போய் அதே பால் விலையைக் கேட்டிருக்க வேண்டாமா? அவர் வந்த நாட்களே குறைவு. ‘தொகுதி வளர்ச்சிக்காக’ என்று அவருடைய எம்.எல்.ஏ.க்கள் முதல்வரைப் பார்க்கப் போனார்கள். 2016 பிப்ரவரியில் 8 பேர் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் போயிற்று.

அடுத்த மூன்றே மாதத்தில் தேர்தல். மக்கள் நலக் கூட்டணியின் நான்கு கட்சிகள் அவரை முதல்வர் வேட்பாளராக ஏற்றன. 104 இடங்களில் நின்றும் கிடைத்தது 10 லட்சம் ஓட்டு, 2.4 சதவீதம். வகுத்துப் பாருங்கள்: தொகுதிக்கு 10 ஆயிரம். நான்கு கட்சிகளின் தோள் இருந்தும், 2006-இல் தனியாளாக வாங்கியதைவிடக் குறைவு. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே மூன்றாம் இடம், டெபாசிட்டும் போனது.

பா.ம.க.வின் கோட்டை என்றிருந்த விருத்தாசலத்தில் அவரை ஜெயிக்கவைத்தவர்கள் நீங்கள். 2011-இல் ரிஷிவந்தியத்துக்குப் போனார். 2016-இல் அதையும் விட்டு உளுந்தூர்பேட்டைக்குப் போனார். செய்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்க, ஜெயித்த ஊருக்கு ஒருமுறைகூட அவர் திரும்பி வந்து நிற்கவில்லை.