உடல்நலக் காப்பீட்டில் எது நியாயம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு வயது 27. மருத்துவமனைப் பக்கமே போனதில்லை. மற்றவர்களின் நோய்ச் செலவை நான் ஏன் சுமக்க வேண்டும்?

நீங்கள் சேராமல் இருந்தால் என்ன நடக்கும் என்று முதலில் பார்ப்போம். ஒரு குழுவின் மொத்த மருத்துவச் செலவைத்தான் எல்லோரும் பிரீமியமாகப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். ஆரோக்கியமானவர்கள் விலகினால் மிச்சம் இருப்பவர்களின் சராசரிச் செலவு ஏறும், பிரீமியமும் ஏறும். அதைப் பார்த்து ஓரளவு ஆரோக்கியமானவர்களும் அடுத்த ஆண்டு விலகுவார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1993இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் வந்தாலும் பாலிசி தர வேண்டும், வயதும் நோயும் பார்க்காமல் ஒரே பிரீமியம்தான் வாங்க வேண்டும் என்றது. ஆனால் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனிநபர் பாலிசிகளின் சந்தை சுருங்கியது, பிரீமியம் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாமல் போனது. நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டம்தான், ஆனால் பாதிச் சட்டம்.

நெதர்லாந்து 2006இல் அதை முழுமையாகச் செய்தது. அடிப்படைக் காப்பீட்டில் எல்லோரும் சேர வேண்டும், நிறுவனம் யாரையும் மறுக்கக் கூடாது. நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்கு ஒரு பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். அதனால் நோயாளியைத் தட்டிக்கழிப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய லாபம் இல்லை.

குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளைஞர் வசதியான முதியவருக்காகக் கட்டுவது சரியா என்று நீங்கள் கேட்டால், அந்தக் குறை நிஜம்தான். அதைத் தீர்க்க வருமானத்தைப் பார்க்க வேண்டும், உடம்பை அல்ல. ஜெர்மனியின் பொதுக் காப்பீடு 1883இல் தொடங்கியது. அதில் சந்தா சம்பளத்தின் ஒரு பங்கு, நோயின் அளவுக்கு ஏற்ப அல்ல. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

அம்மாவுக்கு 68 வயது. இதுவரை ஒரு க்ளெய்ம்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பிரீமியம் ஏறுகிறதே?

வயது ஏற ஏறச் சிகிச்சைச் செலவு கூடும் என்பது கணக்குப்படி உண்மை. அதற்காக அந்த முழுச் சுமையையும் வயதானவர் தலையிலேயே வைக்க வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் 2014 முதல் தனிநபர் பாலிசிகளில் மூத்தவரிடம் வாங்கும் பிரீமியம், இளம் வயதினரிடம் வாங்குவதைப் போல 3 மடங்கைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் தனியார் காப்பீட்டில் வயதுக்காகக் கூடுதல் விலையே கிடையாது. ஆனால் மருத்துவமனைக் காப்பீட்டை 30 வயதுக்கு மேல் தள்ளிப்போட்டவர், தாமதித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 2% கூடுதலாகக் கட்ட வேண்டும். வயதானதற்காக இல்லை, காத்திருந்ததற்காக. இந்த வேறுபாடு முக்கியம்.

இந்த ஏற்றம் அம்மாவின் வயதுப் பிரிவு மாறியதாலா, அந்தப் பாலிசி வைத்திருக்கும் எல்லோருக்கும் வந்ததா என்று எழுத்துமூலம் கேளுங்கள். கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்தால் காத்திருப்புக் காலம், அதாவது ஏற்கெனவே உள்ள நோய் போன்ற சிலவற்றுக்கு நிறுவனம் பணம் தராத தொடக்கக் காலம், மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

பெண் என்பதற்காகக் கூடுதல் பிரீமியம் வாங்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. பிள்ளைப்பேறு பெண்ணின் தனிச் செலவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று தந்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் ஆண், பெண் என்று பிரித்து விலை வைக்க முடியாது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? முடிவு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பரிசோதனை தேவை என்று மருத்துவர் சொன்னால், அதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம் உடல்நலக் காப்பீட்டில் மரபணுத் தகவலைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தத் தடை இல்லை. இந்தப் பயத்தாலேயே ஒருவர் உயிரைக் காக்கும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், அந்த விலை நிர்ணய முறையில்தான் கோளாறு.

சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நாமே கட்டும் பாலிசி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

கையில் சேமிப்பு இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் தொடங்கிய ஆய்வில், செலவில் பங்கு கட்ட வேண்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையில்லாததை மட்டுமல்ல, தேவையானதையும் சேர்த்து. இலவசச் சிகிச்சை கிடைத்த ஏழைகளில், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது நன்றாகக் கட்டுப்பட்டது. மலிவான பாலிசி யாருக்கு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ரத்த அழுத்தம் இருப்பதை விண்ணப்பத்தில் எழுத விட்டுப்போயிற்று. இப்போது கால் முறிவு க்ளெய்மை மறுத்துவிட்டார்கள்.

மறைப்பதும் மறப்பதும் ஒன்றல்ல. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே பொய் சொன்னால் பாலிசி ரத்தாகலாம். கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கியிருப்பார்களோ அதற்கேற்ப க்ளெய்ம் தொகையைக் குறைத்துத் தரலாம். எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி இல்லை. ஆனாலும் வாதம் உங்களுக்கு உதவும்.

மறுப்புக்கான காரணத்தையும், பாலிசியில் எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முறிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவரிடம் கடிதம் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் குறைதீர்ப்பாளர் அல்லது ஒழுங்குமுறை அமைப்பு. முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.