லங்காஷயர் மில் ஊர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் ஏன் வெறிச்சோடின?

1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஊரே பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகுமாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். 'வேக்ஸ் வாரம்' என்பார்கள். ஆதியில் அது தேவாலயத் திருவிழா. பஞ்சாலைகள் வந்தபின், கொதிகலனையும் எஞ்சினையும் பழுதுபார்க்க மில்லை மொத்தமாக நிறுத்த அந்த நாட்களே வசதியாகிவிட்டன. ஓல்டத்துக்கு ஒரு வாரம், பர்ன்லிக்கு வேறு வாரம் என்று முறைவைத்து மூடியதால், பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் கோடை முழுக்கக் கூட்டம்.

சம்பளத்துடன் விடுப்புக்கான சட்டம் 1938-இல்தான் வந்தது. அதற்குமுன் சீட்டுக் கட்டுவதுபோல் வாராவாரம் சேமித்துத்தான் போனார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ரயில் நெருங்கும்போது பிளாக்பூலின் 158 மீட்டர் கோபுரத்தை முதலில் யார் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. ஊரிலோ புகைபோக்கிகள் ஓய்ந்து, அந்த ஒரு வாரம் மலைகள் தெளிவாகத் தெரியும்.

1959-இல் பழைய தறிகளை உடைத்துப்போட அரசே பணம் கொடுத்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூட, ஊர் சேர்ந்து கிளம்பும் வழக்கமும் தேய்ந்தது.