சென்னை டிசம்பர் சீசனுக்குப் போக முடியாதவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நல்ல கச்சேரி கேட்க முடியுமா?

கேள்வியில் இன்னும் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: அங்கே சபாக்கள் (கச்சேரி நடத்தும் சங்கங்கள்) உண்டா, எந்த மாதம் போகலாம். சபாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சபாவைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள்.

சென்னையில் அரங்கம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, எந்த வாரம் போனாலும் எங்காவது ஒரு கச்சேரி கிடைக்கும். காவிரி டெல்டா ஊர்களில் இசை பஞ்சாங்கத்தோடு கட்டுண்டது. ஒரு திதி, ஒரு நட்சத்திரம், ஒரு சாமி புறப்பாடு என்று வந்தால் அதை ஒட்டிப் பாட்டும் நாயனமும் (நாதஸ்வரம்தான்) வரும். மற்ற நாளில் போனால் அதே தெருவில் பஸ் ஹாரனைத் தவிர ஒன்றும் காதில் விழாது. ஊருக்கு ஊர் சிறிய சபாக்கள் உண்டு, நடத்துகிறவர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள், மரியாதைக்குரிய வேலை. ஆனால் அங்கே கேட்கப்போவது சென்னையில் கேட்பதன் சிறு வடிவம்தான். அதற்காக ராத்திரி பஸ் ஏறி வர வேண்டுமா என்பது என் சந்தேகம்.

இத்தனைக்கும் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். தஞ்சை மராட்டியர் அரசவை 1855இல் முடிவுக்கு வந்தது. அப்புறம் வித்வான்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சென்னைப் பக்கம் நகர்ந்தார்கள். அங்கே வக்கீல்களும் வணிகர்களும் சபாக்களைத் தாங்கிப் பிடித்தார்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடு நடந்தது. மறு வருடம் மியூசிக் அகாடமி வந்தது, டிசம்பர் சீசன் அதிலிருந்து வளர்ந்தது. கச்சேரி சென்னைக்குப் போய்விட்டது. கோயிலும் சமாதியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நடப்பதைத்தான் நீங்கள் கேட்க வர வேண்டும்.

முதலில் திருவையாறு. எல்லோரும் சொல்வதுதான், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) சித்தியடைந்தார். அந்தத் திதியை வைத்துத்தான் வருடா வருடம் அவருக்கு எடுக்கும் ஆராதனை விழா. அதனால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், பெரும்பாலும் ஜனவரியில் வரும், சில வருடம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும். டிக்கெட் எதுவும் எடுத்துவிடுவதற்கு முன்னால் பஞ்சமி என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சமி காலையில் திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (வீதியில் பாடிக்கொண்டே அரிசி வாங்கி வருவது) கிளம்பி, காவிரிக்கரையில் இருக்கும் சமாதிக்கு வந்து சேரும். பந்தலில் நாதஸ்வரம் முடிந்ததும் புல்லாங்குழலில் பைரவி ராகத்துச் ‘சேதுலாரா’ வாசிப்பார்கள். அப்புறம் பஞ்சரத்தினம் எனப்படும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து கன ராகங்கள், ஐந்தும் ஆதி தாளம். முதல் கீர்த்தனை ‘ஜகதானந்தகாரக’ சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. பெரிய வித்வான்கள் முன் வரிசைகளில் எதிரெதிராக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பாட்டு வாத்தியார்கள், அவர்களுடைய மாணவர்கள், அதற்கும் பின்னால் கையில் சின்னப் புத்தகத்தோடு பொதுஜனம். எங்கே வித்வான் முடிந்து ரசிகர் ஆரம்பிக்கிறார் என்று கோடு போட முடியாது.

சுருதி சுத்தமும் தாளச் சுத்தமும் எதிர்பார்க்காதீர்கள். அத்தனை தொண்டைகள் சேர்ந்தால் நடு வரிசையில் ஒருவர் அரை அட்சரம் முந்துவார், பின் வரிசை அரை அட்சரம் பிந்தும். மைக்கில் யார் குரல் விழுகிறதோ அதுதான் ஒலிபெருக்கியில் கேட்கும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரடியாக ஒலி, ஒளிபரப்புகிறார்கள். துல்லியமாகக் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து கேட்பதே மேல். நேரில் வருவது கூடப் பாடுவதற்காக. ஐந்தையும் பாடம் பண்ண முடியாவிட்டாலும் ‘எந்தரோ மஹானுபாவுலு’ ஒன்றையாவது ஸ்வரத்தோடு கற்றுக்கொண்டு வாருங்கள். இந்தக் கீர்த்தனைகளில் சரணத்துக்குச் சரணம் முதலில் ஸ்வரம் பாடி, பிறகு அதே மெட்டில் சாகித்தியம் பாடுவார்கள். ஸ்வரம் தெரியாதவர் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். (வராளியைக் குரு நேரில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, உறவு முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனாலோ என்னவோ ‘கனகனருசிரா’ வரும்போது பந்தலில் சத்தம் சற்றுக் குறையும் என்று எனக்கு ஒரு பிரமை.)

ஆராதனை விழாவின் மற்ற நாட்களில் காலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் பாடுவார்கள், வாசிப்பார்கள். ஒருவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம் போல. சன்மானம் கிடையாது, சேவை என்றுதான் வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை போட்டு, ஒன்றில் பாட்டு நடக்கும்போதே அடுத்ததில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ராகத்தை விரித்துப் பாட இதில் இடமில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த பாணியில் வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவி வரை போகிற முழுக்கச்சேரிக்குப் பழகியவர்களுக்கு இது துண்டு துண்டாகத் தோன்றும். பெயர் தெரியாத இளையவர்களைக் கேட்க மட்டும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பந்தலில் கூட்டம் கலையும். அப்போது மேடையேறுகிறவர்களை விடாதீர்கள்.

அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு, அது தெரியாமல் போகக் கூடாது. ஒரு காலத்தில் ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளந்து கிடந்தது. எந்தக் கட்சியானாலும் பெண்கள் சமாதி முன்னால் உட்கார்ந்து பாட முடியாது. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், பாழாகிக் கிடந்த சமாதி இடத்தைப் பெற்று, தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பி, 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடத்தினார். கட்டியவருக்கே பாட இடமில்லை என்றதும் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர். 1940களின் தொடக்கத்தில்தான் மூன்று கட்சியும் ஒன்றாயிற்று. இன்று வரிசையில் பாடுகிற பெண்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. 1952இல் அவர் காலமானார். அவருக்கும் அங்கேயே சமாதி, சிலை தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி இருக்கும்.

சரி, திருவையாற்றுக் கூட்டம் ஒத்துவராது என்கிறவர்களுக்கும் சேர்த்து இப்போது சொல்லப்போவதுதான் என் உண்மையான பதில். டெல்டாவுக்கு வந்தால் நாதஸ்வரம் கேளுங்கள். சென்னை சபாக்கள் பெரும்பாலும் அதைத் தொடக்க விழாவின் மங்கள இசையாகவோ, ஆள் வராத நேரத்திலோ வைத்து முடித்துவிடுகின்றன. மூடிய அரங்கில், அதுவும் மைக் வைத்து அதைக் கேட்பது அந்த வாத்தியத்துக்குச் செய்கிற அநியாயம். நாலு மாட வீதியில், திறந்த வெளியில், நடந்துகொண்டே வாசிப்பதற்காக உருவான வாத்தியம் அது.

கோயில் திருவிழாவில் இரவு சாமி புறப்பாடு ஆகும்போது போய் நில்லுங்கள். மல்லாரியில் தொடங்கும். கம்பீர நாட்டை, சாகித்தியமே கிடையாது, லயத்தின் மேலே கட்டிய உருப்படி. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று. சாமி வீதிக்கு வந்ததும் ராக ஆலாபனை தொடங்கும். நல்ல வித்வான் அமைந்தால் ஊர்வலம் ஒரே இடத்தில் நின்றுவிடும், சாமி தூக்குகிறவர்களும் தாங்குகட்டையை ஊன்றிவிட்டுக் கேட்பார்கள். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி இன்றைக்கும் பேச்சு நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்த வீதிகள்தான். சிறிய திமிரி நாயனம் கோலோச்சிய காலத்தில், நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைப் பிரபலமாக்கியவர் அவர். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் இப்போதும் நாதஸ்வரம் செய்கிறார்கள். பழைய ஆச்சா மரத்தில் கடைவது. 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எங்கே நின்று கேட்பது என்பதும் முக்கியம். தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் காது அடைத்துவிடும், நாயனத்தின் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நெளிவு) ஒன்றுகூடப் பிடிபடாது. இருபது முப்பது அடி தள்ளி, ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாகப் பாருங்கள். தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது வேண்டுமானால் கிட்டே போகலாம். வலக்கை விரல்களில் மாட்டிய கூடும் இடக்கைக் கழியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்ப்பது தனிச் சுகம். கோயில் நடை சாத்தும் நேரம் வரை இருந்தால் பள்ளியறைக்குத் தாலாட்டு ராகமான நீலாம்பரியும் கிடைக்கலாம்.

‘கிடைக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல கோயில்களில் அன்றாட பூஜைக்கு நாயனக்காரர் இல்லை. பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்கிற இயந்திரம் வந்துவிட்டது. திருவிழாக்களில் கேரளத்துச் செண்டை மேளம் அழைத்து வருவது பெருமையாகிவிட்டது. செண்டை மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது தன் ஊரில் பெரிய கலை. தவிலும் நாயனமும் பிறந்த தெருவிலேயே அவற்றுக்குக் கூலி கொடுக்க யோசிப்பதுதான் பொறுக்கவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகளும் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களை வாசிக்க அழைப்பது யார் என்பதுதான் கேள்வி.

தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால் பெரிய சிவன் கோயில்களில் ஓதுவாரைத் தேடுங்கள். மாலை பூஜை முடிகிற நேரத்தில் தேவாரம் பாடுவார். ராகம் தெரிந்தவருக்கு இது இன்னும் சுவை: தக்கேசி என்கிற பண் (பழந்தமிழ் இசையின் ராகம்) காம்போதியாக, இந்தளம் மாயாமாளவகௌளையாகக் காதில் விழும். பக்கவாத்தியம் இல்லை, கைதட்டல் இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழிசை மூவரான முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் சீர்காழி, தில்லை வட்டாரத்துக்காரர்கள் என்பதால் அந்தப் பக்கம் அவர்கள் பெயரில் விழாக்கள் நடக்கும்.

நாடகமும் பிடிக்கும் என்றால் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூர் பாகவத மேளா. ஊர் ஆண்களே பெண் வேடமும் கட்டி, மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களை இரவில் ஆடுவார்கள். தெலுங்கு புரியாவிட்டாலும் பிரகலாதன் கதை தெரிந்தால் போதும். பஜனை சம்பிரதாயத்துக்குக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள மருதாநல்லூர், கோவிந்தபுரம் பக்கம் போகலாம். அங்கேயும் சும்மா உட்கார விடமாட்டார்கள், நாமாவளியைத் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும்.

எப்போது போகலாம் என்றால், புஷ்ய பகுள பஞ்சமிக்குத் திருவையாறு, மாசி மகத்துக்குக் கும்பகோணம், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரம், ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்துக்கு மயிலாடுதுறை. இணையத்தில் நிகழ்ச்சி நிரல் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் திருவிழாப் பத்திரிகையில் எந்த நாள் எந்த வாகனம், யார் நாதஸ்வரம், யார் தவில் என்று போட்டிருக்கும். போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இரவு எட்டு மணி என்றால் பத்துக்கு முன்னால் சாமி கிளம்பாது, சாப்பிட்டுவிட்டே போகலாம். ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால், ஆராதனையை டிவியில் பார்த்துக்கொண்டு, மாசி மகத்துக்குக் கும்பகோணம் வாருங்கள். தேர் நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டால் லாட்ஜில் அறையும் கிடைக்கும், வீதியில் நிற்க இடமும் கிடைக்கும்.