மறுமொழி: சொட்டுநீர் போட்டும் மல்லிகை இலை கருகுது

வணக்கம் சகோ. திருமங்கலம் பக்கம் ஒரு ஏக்கர் மல்லிகை, போர் தண்ணி உப்பு மீட்டருக்கு 2 டெசிசைமன்னு (தண்ணில மின்சாரம் பாயுறதை வச்சு உப்பை அளக்குற அளவு) சோதனையில வந்திருக்கு, சொட்டுநீர் போட்டு ரெண்டு வருஷத்துல இலை நுனி கருகுதுன்னு கேட்டிருந்தீங்க. உரத்தைக் கூட்டாதீங்க. கோளாறு உப்புலதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

கணக்குப் பாருங்க. 2 டெசிசைமன் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 1.3 கிராம் உப்பு இருக்கும். ஏக்கருக்கு 4 மில்லிமீட்டர் பாய்ச்சினா 16,000 லிட்டர். அதோட 20 கிலோ உப்பும் சேர்ந்து இறங்குது. செடி தண்ணியைக் குடிச்சிட்டு உப்பை மண்ணுலயே விட்டுடும். அது ஈரம் முடியிற ஓரத்துல போய்ச் சேரும். ரெண்டு சொட்டுவாய்க்கு நடுவுல வெள்ளையா பூத்திருக்கான்னு காலையில போய்ப் பாருங்க.

இதுல ரொம்பப் பேர் கவனிக்காதது ஒண்ணு: லேசா தூறல் விழும்போது மோட்டாரை நிறுத்தாதீங்க. தூறல் அந்த ஓரத்து உப்பைக் கரைச்சு வேருக்கே கொண்டுவந்துடும். மனசு கேக்காது, இருந்தாலும் ஓட விடுங்க; சொட்டுற தண்ணி அந்த உப்பை வேர்கிட்ட வராம வெளியே தள்ளிட்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை பெய்ஞ்சா அதுவே கழுவி இறக்கிடும்.

கோடையில பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ரெண்டு மடங்கு நேரம் விட்டு உப்பைக் கீழே தள்ளுங்க. தண்ணி வீணாப் போகுதேன்னு வருத்தப்படாதீங்க, வேருக்கு அது தேவை. ஆனா கரிசல்னா வடிகால் முக்கியம், தேங்கினா மல்லி தாங்காது. தூர்ல கரும்புச் சோகை மூடாக்கு போடுங்க; ஆவியாகிறது குறைஞ்சா உப்பு மேலே ஏறுறதும் குறையும்.

ஜிப்சம் இப்பவே வாங்க வேண்டாம். சோடியம் அதிகமா இருந்தாத்தான் அது உதவும். மண் பரிசோதனைச் சீட்டுல கார அமில நிலை எவ்வளவு, சோடியம் எவ்வளவுன்னு இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.