வேலிப்பொட்டும் சுழல் கண்ணாடியும்

கேள்வி: சென்ற இதழில் லண்டன் மதுச்சாலைகளைச் சுற்றிப் பார்த்து ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். எங்கள் வன்னியில் கள் விற்கும் தவறணைகளே இல்லையா, அவற்றைச் சுற்றி எழுத ஆளில்லையா? வெள்ளைக்காரன் குடித்தால் பண்பாடு, நாங்கள் குடித்தால் வெறிக்குட்டியா?
— வாசகர் ஒருவர், பரந்தன்

பதில்: உங்கள் கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் கட்டுரையைப் படிக்கவில்லை, படங்களை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நான்கு பக்கத்திலும் அந்த மனிதர் குடித்தது ஒரே ஒரு கிளாஸ். மற்றதெல்லாம் சுவரும் கதவும் பெயர்ப்பலகையும்தான். மது விற்கும் வீட்டுக்கு அடையாளப் பலகை வேண்டும் என்று 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் விதித்ததையும், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அருகே ஆப்பு வடிவக் கட்டடம் ஒன்றுக்குள் துறவிகள் சுவரெங்கும் செப்பு உருவங்களாக நிற்பதையும் எழுதியிருந்தார். புளூம்ஸ்பரியில் ‘லாம்ப்’ என்ற பழைய மதுச்சாலையில் கல்லாமேசைக்கு மேலே வரிசையாகச் சிறு கண்ணாடிச் சட்டங்கள் இருக்கின்றன, அவை சுழலும். விக்டோரியா காலத்துக் கனவான் அதைத் திருப்பிவிட்டால், ஊற்றிக் கொடுப்பவனுக்குக் குடிப்பவரின் முகம் தெரியாது.

அந்தக் கண்ணாடி நம்மிடமும் உண்டு. அதற்குப் பெயர் வேலிப்பொட்டு, வேலியில் இருக்கும் சிறு திறப்பு. பெரிய வளவுக்காரர் தவறணை வாங்கிலில் குந்தமாட்டார். பின்வேலிப் பொட்டால் போத்தல் வந்துவிடும். கொண்டுவந்து கொடுத்த மனிதரை முன்விறாந்தையில் இருத்தி ஒரு தேநீர் கொடுத்த வீடுகள் எத்தனை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இறக்கிய கள் வீட்டுக்குள் போகலாம், அவர் போகக்கூடாது. பண்பாடு என்ற சொல்லை நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன்.

சரி, தவறணைக்கு வருவோம். சொல்லே ஐரோப்பியன் விட்டுப் போனதுதான். தவறு என்று தொடங்குவதால் அதைத் தமிழ் என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். போன பங்குனியில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தவறணையில் அரை நாள் இருந்தேன். கிடுகுக் கூரை, பனங்குற்றியைப் பிளந்து போட்ட இரண்டு வாங்கில், ஒரு நீல பரல். சீவல் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்காலில், மரம் ஏறக் காலில் மாட்டும் தளநார் அழுத்திய தடம் செருப்புப் போல் காய்ச்சுப் போயிருந்தது. வடியில் ஊற்றியபோது ஏழெட்டுத் தேனீக்கள் தங்கின. அவற்றை அவர் விரலால் எடுத்து இலையில் வைத்துவிட்டுத்தான் அளவு பார்த்தார். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள், அவ்வளவுதான் வித்தியாசம். பத்து மணிக்கு நாக்கில் இனித்தது நான்கு மணிக்குப் புளித்து மூக்கில் ஏறியது. கள் குடிக்கும் பனையோலைப் பிளா இருக்கிறதா என்று கேட்டேன், சிரித்தார்கள். பிளாஸ்டிக் கோப்பைதான். ஷெல்லில் தலை போன பனைகள் வேலியோரம் இன்னும் நின்றன. அவற்றை எண்ணத் தொடங்கிய ஒரு கிழவர் பதினொன்றில் நிறுத்திவிட்டார்.

நீங்கள் சுற்ற நினைப்பது இதையா, இல்லை புதிதாக முளைத்திருக்கும் சாராயக்கடைகளையா? 2024இல் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு மார்கழியில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16 இருந்தன. நெல்லும் குளமும் உள்ள ஒரு சிறிய மாவட்டத்துக்கு! அங்கே போய் என்னத்தை வர்ணிப்பது? இரும்புக் கம்பிவலை, அதில் ஒரு கை நுழையும் ஓட்டை, காசு உள்ளே போகும், போத்தல் வெளியே வரும். வாங்கியவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலோடு நிற்கிறார். இருக்க ஒரு கதிரை கிடையாது, பேச ஆள் கிடையாது. கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைப் பற்றியோ நான் பேசவே போவதில்லை. அதைத் தேடிப் போய் எழுதப் பொலிஸ் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் ஒரு இடத்தைப் பார்த்தபடி எழுதத் தெரிந்தவர் ஒப்புநோக்கும் தங்கச்சிதான். அவரை அனுப்பலாம் என்றால், பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி போட்டார்கள். 2018 தையில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி திரும்பவும் போடச் சொல்லிவிட்டார். வாங்காமல் சும்மா போய் இருந்து எழுதலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பரந்தன் தவறணை ஒன்றில் ஒரு பெண் கொப்பியோடு வந்து இருந்தால் உங்கள் வாங்கிலில் அவருக்கு இடம் விடுவீர்களா? அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.

ஆளில்லையா என்று கேட்டீர்கள். நீங்களே இருக்கிறீர்கள். 21 வயது நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டம் அப்படி. மூன்று தவறணை போதும். ஒவ்வொன்றிலும் கள் எந்த வளவு மரத்தில் இறங்கியது, ஏறியவர் ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுகிறார், விழுந்தால் அவர் வீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எழுத வேண்டும். ருசி பற்றி ஐந்து வரிக்கு மேல் வந்தால் வெட்டிவிடுவேன். பஸ் காசு தருகிறோம். கள்ளுக் காசு உங்களுடையது.